அழிக்க வைத்த ரொட்டி

"எனக்கு மை எப்பத்தான் தருவீங்க அம்மா?" என்று கேட்டான் லாம்பெர்ட்.

சூசன்னா அவன் வரைந்த தாளைப் பட்டறை ஜன்னலருகே கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். காவிக்கட்டியால் வரைந்த படம். தோளில் கயிறு போட்டுப் படகு இழுக்கிற முதியவர் ஒருவர் அதில் நின்றார்.

"இது யாரு?" என்றாள்.

"யோரிஸ்தான். அதோ, மேடையில நிக்கிறாரே."

"மேடையில நிக்கிறவரை எனக்குத் தெரியுது. தாள்ல நிக்கிறவர் யாரு?"

நாலு குளிர்காலமாக அவள் இதே கேள்வியைத்தான் கேட்கிறாள். அவனுக்கும் நாலு குளிர்காலமாக வாய் அடைத்துத்தான் போகிறது.

"நாளைக்குப் பார்க்கலாம்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். இடுப்பில் தொங்கிய சாவி நடைக்கு ஏற்ப ஆடியது. மைப்புட்டி இருக்கும் அலமாரியின் சாவி அது.

இது நடந்தது ஹாலந்து தேசத்தில், ரொம்பக் காலத்துக்கு முன்னால். மலை என்பது மருந்துக்கும் கிடையாத தேசம். கடல் எந்த நேரம் உள்ளே புகுந்துவிடுமோ என்று கரை கட்டிக்கொண்டு வாழ்கிற ஜனங்கள். அதனாலோ என்னவோ, எதையும் அளந்து பார்த்த பிறகுதான் நம்புவார்கள்.

லாம்பெர்ட் அவர்களையும் மிஞ்சியவன். கப்பல்காரர்களுக்குக் கடற்கரைப் படம் போட்டுக் கொடுப்பதுதான் அவன் தொழிலாக இருந்தது. கரையின் வளைவு ஒரு மயிரிழை தப்பினால் கப்பல் மணலில் ஏறிவிடும். ஆகவே போடுவான், அளப்பான், அழிப்பான், மறுபடி போடுவான். பாதி ஆயுள் இப்படியே போயிற்று. நல்ல பழக்கம்தான், சோறு போட்ட பழக்கம்.

அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, சூசன்னாவின் பட்டறைக்கு மாணவனாக வந்து சேர்ந்தான். மாணவனாகிற வயதா அது? நாற்பதைத் தாண்டியாயிற்று, தாடியில் நரை. அவளுக்கோ முப்பதுதான். மனித உருவம் வரைவதில் அந்த ஊரிலேயே பெரிய கையாக இருந்தவரின் மகள். அப்பா போன பிறகு பட்டறையை அவளே நடத்தினாள்.

சின்ன வாத்தியாரம்மாவும் நரைத்த மாணவனும் என்று மீன் சந்தையில் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் அவளை அம்மா என்றான். அவள் அவன் வயதுக்கு மரியாதை கொடுத்து நீங்க என்றாள்.

வந்த அன்றே கேட்டாள்.

"எதுக்கு வரையக் கத்துக்கணும்?"

"என் மனைவியை வரையணும்."

"கூட்டிட்டு வாங்களேன்."

"செத்துப்போயிட்டா அம்மா."

சூசன்னா கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள்.

"முகம் ஞாபகம் இருக்கா?"

"கண்ணு சாம்பல் நிறம். அகல நெத்தி. இடது புருவத்துல சின்னத் தழும்பு. உயரம் என் தோள் வரைக்கும்."

"இதெல்லாம் அடையாளம். சந்தையில காணாமப்போனவங்களைத் தேடறதுக்குச் சொல்றது. முகம் ஞாபகம் இருக்கா?"

லாம்பெர்ட் அழுதுவிட்டான். அழுது முடித்துத்தான் மீதியைச் சொன்னான்.

ஆக்னெஸ் காய்ச்சலில் உள்ளறையில் படுத்திருந்தாள். அவன் வெளியறையில் ஒரு தீவின் கரையை வரைந்துகொண்டிருந்தான். விடிந்தால் கப்பல் கிளம்பிவிடும். அவள் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் இரு ஆக்னெஸ். இந்தக் கரையை முடிச்சிட்டு வந்துடறேன்" என்றான்.

மறுபடி கூப்பிட்டாள். "கொஞ்சம் இரு" என்றான் மறுபடியும்.

அப்புறம் அவள் கூப்பிடவில்லை. அவன் கரையை முடித்தான். ஒருமுறை சரிபார்த்தான். கை கழுவிக்கொண்டு உள்ளே போனான்.

"கடைசியா என்ன கேட்டாங்கிறதுகூடத் தெரியாது அம்மா" என்றான் லாம்பெர்ட். "அதுக்கப்புறம் அவளை வரைஞ்சு பார்த்தேன். எத்தனை தடவை வரைஞ்சாலும் தீவு மாதிரிதான் வருது. இருக்கிற ஞாபகமும் வருஷா வருஷம் தேயுது. மிச்சம் இருக்கிறது போறதுக்குள்ள வரைஞ்சாகணும். மையிலதான் வரையணும். காவி உதிர்ந்துபோயிடும்."

சூசன்னா அலமாரியைக் காட்டினாள்.

"காவியில முதல்ல ஒரு ஆளை நிக்க வைங்க. அன்னைக்குத் திறக்கறேன்."

அந்த மை அவள் அப்பா சொல்லிக் கொடுத்த பக்குவத்தில் காய்ச்சியது. மாசிக்காயும் அன்னபேதி உப்பும் சேர்ந்து ஊறிய மை. கோடு போடும்போது வெளிறித் தெரியும், நாள் போகப் போகக் கறுக்கும். ஒருதரம் போட்டால் போட்டதுதான். காவியென்றால் கை தவறினால் துடைத்துக்கொள்ளலாம், மையிடம் அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் பட்டறையில் யாருக்கும் முதலிலேயே மை கொடுப்பதில்லை.

ஒருநாள் அவள் தன் அப்பா வரைந்த தாள் ஒன்றை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். ஒரு பெண் தலையணையில் சாய்ந்து தூங்குகிறாள். இறகுப் பேனாவால் கொஞ்சம் கோடு, தூரிகையால் இரண்டு இடத்தில் தண்ணீர் கலந்த மை, அவ்வளவுதான்.

லாம்பெர்ட் குனிந்து பார்த்தான்.

"தோள் தப்பா இருக்கே அம்மா. ஒரு கோடு போட்டிருக்காரு. அது சரியா வரலேன்னு பக்கத்துலயே இன்னொரு கோடு போட்டிருக்காரு. ரெண்டும் இருக்கு."

"ஆமா."

"முதல் கோடு தப்புதானே?"

"தப்புதான்."

"அப்ப அது அப்படியேவா நிக்கும்?"

"நிக்குது பாருங்க."

லாம்பெர்ட் கவராயத்தை எடுத்து இரண்டு கோட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தான்.

சூசன்னாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் அடக்கிக்கொண்டாள்.

"அவ மூச்சு விடறது தெரியுதா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் பார்த்தான். தோள் ஏறுவதும் இறங்குவதுமாக இருப்பது அவனுக்கும் தெரிந்தது. ஆனால் தன் பலகைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ரொட்டியை எடுத்துத் தன் படத்தில் ஒரு கோட்டை அழித்தான். பழக்கம் விடுமா?

ரொட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தத் தேசத்துச் சித்திரக்காரர்கள் காவிக்கோட்டை ரொட்டியால்தான் அழிப்பார்கள். வெள்ளை ரொட்டியாக இருக்க வேண்டும், அன்றைக்குச் சுட்டதாக இருக்க வேண்டும். மேல்தோலைப் பிய்த்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் மெத்தென்ற பாகத்தை உள்ளங்கையில் பிசைந்து உருட்டித் தாளில் ஒற்றினால் காவி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். சிவந்துபோன உருண்டையைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைப் பிசைவார்கள். சாயங்காலம் கூட்டிப் பெருக்கிச் சாம்பல் வாளியில் கொட்டுவார்கள்.

நாலாவது குளிர்காலம் மிகவும் கொடியதாக இருந்தது. கால்வாய்கள் கல்லாக உறைந்தன. தானியக் கப்பல்கள் எங்கோ பனியில் மாட்டிக்கொண்டன. ரொட்டிக் கடை வாசலில் விடிவதற்கு முன்பே ஜனங்கள் நின்றார்கள். தவிடும் மரத்தூளும் கலந்த கறுப்பு ரொட்டியைக் கிடைத்த மட்டும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

பட்டறைக்கு மட்டும் தினம் காலையில் ஒரு வெள்ளை ரொட்டி வந்துகொண்டிருந்தது. இதில் கல்நெஞ்சம் எதுவும் இல்லை. காவி வரும், தாள் வரும், ரொட்டி வரும். தொழிலுக்கு வேண்டிய சாமான். அது தின்கிற பொருள் என்ற நினைப்பே அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை.

யோரிஸ் வந்து சேர்ந்தது அந்தக் குளிரில்தான். ஆயுள் முழுக்கக் கால்வாய்க் கரையில் நடந்து படகு இழுத்தவர். கயிறு அழுத்தி அழுத்தி வலது தோள் இறங்கிப்போயிருந்தது. தண்ணீர் உறைந்ததும் இழுக்கப் படகு இல்லை. சித்திரக்காரர்கள் வீட்டில் சும்மா நின்றால் கூலி உண்டு என்று யாரோ சொல்லி வந்தார். அந்தக் கூலி ராத்தங்கும் இடத்துக்கே சரியாகப் போயிற்று. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

மேடையில் ஏறி, இல்லாத படகை இழுப்பவர்போல முன்னே சாய்ந்து நிற்பார். இடது கை தோள்மேல் கயிற்றைப் பிடித்திருக்கும். வலது கை கீழே தொங்கும். அதை மூடி வைத்திருக்க வேண்டும் என்பது லாம்பெர்ட்டின் உத்தரவு.

அந்த வலது கைதான் வம்பாகிவிட்டது.

"பெரியவரே, கையை அசைக்காதீங்க."

"அசைக்கலையே ஐயா."

"அசைச்சீங்க. இப்பத்தான் மூடியிருந்தது. நான் குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள திறந்திருக்கு."

யோரிஸ் குனிந்து தன் கையைப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. அவசரமாக மூடிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. வயசாச்சு. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது."

"கால் வலிக்குதா?"

"இல்லைங்க ஐயா. இங்க சூடா இருக்கு. நல்லா இருக்கு."

"அப்பக் கொஞ்சம் இருங்க. இந்தக் கையை முடிச்சிட்டு விட்டுடறேன்."

முடிக்க எங்கே முடிந்தது? தோள் வந்தது, முதுகு வந்தது, கிழிந்த காலுறையின் மடிப்புகூட வந்தது. கை வரவில்லை. அவன் மூடிய கையை வரைவான். விரல் ஒன்று சரியில்லை என்று தோன்றும். ரொட்டியை எடுத்து அழிப்பான். நிமிர்ந்தால் கை வேறு மாதிரி இருக்கும். அதற்கேற்ப மாற்றுவான். அதுவும் சரியில்லை என்று மறுபடி அழிப்பான். ஒரு தாளில் கை இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையே விழுந்துவிட்டது.

கடைசியில் பொறுமை இழந்து சூசன்னாவிடம் போனான்.

"எனக்கு வேற ஆள் கொடுங்க அம்மா."

"ஏன்?"

"இவருக்குக் கை நிக்கலை."

"உங்களுக்கு?"

"என் கை நல்லாத்தான் நிக்குது. பாருங்க." கையை நீட்டிக் காட்டினான். கொஞ்சமும் நடுக்கம் இல்லை.

சூசன்னா அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் காவியும் ரொட்டித் துணுக்கும் ஒட்டியிருந்தன.

"யோரிஸை வரைஞ்ச தாள் எல்லாத்தையும் கொண்டுவாங்க."

யோரிஸ் கூலி வாங்கிக்கொண்டு அப்போதுதான் போயிருந்தார். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது. சூசன்னா தாள்களை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, அவற்றின் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

வரைந்ததை அவள் பார்க்கவில்லை என்பதை லாம்பெர்ட் கவனித்தான். அழித்த இடத்தைத்தான் பார்த்தாள். எவ்வளவு அழுத்தி அழித்தாலும் காவி முழுதாகப் போகாது. தாளின் நாரில் கொஞ்சம் தங்கிவிடும். ஒவ்வொரு தாளிலும், அழித்த கைக்கு அடியில் இன்னொரு கை மங்கலாகத் தெரிந்தது.

அவள் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒரு தாளில் கட்டைவிரல் மட்டும் விலகியிருந்தது. அடுத்ததில் கை பாதி திறந்திருந்தது. இன்னொன்றில் உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பியிருந்தது.

அவள் நிமிர்ந்தாள். மேடையைப் பார்த்தாள். அவனுடைய பலகையைப் பார்த்தாள். பலகைக்குக் கீழே சிதறிக் கிடந்த சிவந்த உருண்டைகளைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சாம்பல் வாளிக்குள் கையை விட்டு ஒரு ரொட்டித் தோலை எடுத்தாள். அதைத் தன் பாவாடையில் துடைத்து, கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"என்ன அம்மா?"

"யோரிஸ் எங்க தங்கியிருக்காரு?"

"தெரியாது."

"இத்தனை வாரமா வரையறீங்க."

"கேக்கலை அம்மா."

"நானும் கேக்கலை" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது. "நானும் இதே வீட்டுலதான் இருந்தேன்."

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். கால்வாய்க் கரையில் எதிர்ப்பட்டவர்களை எல்லாம் விசாரித்துவிட்டு, முகம் சிவந்து, தனியாகவே திரும்பி வந்தாள். படகு இழுக்கிற கிழவர்கள் எத்தனையோ பேர் அந்த ஊரில்.

"நாளைக்குக் காலையில உங்க பலகையில நான் உக்காந்துக்கறேன்" என்றாள். "நான் அழிக்கறேன். நீங்க பாருங்க."

"எதை?"

"யோரிஸை."

"தினம் அவரைத்தானே அம்மா பார்க்கறேன்?"

சூசன்னா கையில் இருந்த ரொட்டித் தோலை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் யோரிஸ் வரத் தாமதமாயிற்று.

லாம்பெர்ட் முதலில் எரிச்சல்பட்டான். வாசலுக்குப் போய்ப் பார்த்தான், திரும்பி வந்தான். நேரம் போகப் போக எரிச்சல் போய் வேறு என்னவோ வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இந்தக் குளிரில் ராத்திரி தாண்டாதவர்கள் பலர் என்பது அவனுக்கும் தெரியும். சூசன்னா ஜன்னலை விட்டு நகரவே இல்லை.

கடைசியில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார் யோரிஸ்.

"மன்னிச்சுக்குங்க தாயி. வழியெல்லாம் வழுக்கல்."

மேடையில் ஏற இரண்டு தடவை முயன்றார். லாம்பெர்ட் கைகொடுத்து ஏற்றிவிட்டான். அந்த உடம்பில் கனமே இல்லாதது கண்டு திடுக்கிட்டான். இத்தனை வாரத்தில் அவரை அவன் தொட்டது அதுதான் முதல் தடவை.

யோரிஸ் முன்னே சாய்ந்து நின்றார். வலது கையை மூடிக்கொண்டார்.

சூசன்னா பலகையின் முன் உட்கார்ந்தாள். அன்று காலை வந்த ரொட்டி அவள் மடியில் இருந்தது. அதை அப்போதே அவரிடம் கொடுத்திருக்கலாம் அவள். கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம்தான். ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் பிற்பாடு தன்னை மன்னித்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது.

"பாருங்க" என்றாள்.

லாம்பெர்ட் ஜன்னலோரம் நின்று பார்த்தான்.

சூசன்னா ரொட்டியை எடுத்தாள். மேல்தோலைப் பிய்த்தாள். அன்றைக்குச் சுட்ட தோல், மொறுக்கென்று சத்தம் வந்தது.

யோரிஸின் கட்டைவிரல் விலகியது.

சூசன்னா உள்ளே இருந்த வெள்ளையைக் கிள்ளி உள்ளங்கையில் பிசைந்தாள். மேடைமேல் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. அவள் உருண்டையைத் தாளில் வைத்து ஒற்றினாள். மணிக்கட்டு மெல்லத் திரும்பியது. உள்ளங்கை மேலே வந்தது. வாங்கிக்கொள்கிற கையாக அது திறந்து நின்றது.

யோரிஸுக்குத் தன் கை என்ன செய்கிறது என்றே தெரியவில்லை. அவர் கண் ரொட்டிமேல் இருந்தது. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

இத்தனை நாளும் இந்த நேரத்தில் லாம்பெர்ட் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவந்துபோன உருண்டை சூசன்னாவின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து உருண்டது. கிழவரின் கை அதன் பின்னாலேயே ஒரு சாண் இறங்கியது.

அப்போதுதான் லாம்பெர்ட் தன்னைப் பார்ப்பதை யோரிஸ் கண்டார். பதறிப்போய்க் கையை மூடிக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. மறுபடி அசைஞ்சிடுச்சு. இனிமே அசைக்க மாட்டேன்."

உள்ளறையிலிருந்து யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுபோல் லாம்பெர்ட்டுக்கு இருந்தது. எப்போதும் நிலையாக நிற்கிற அவன் கை நடுங்கியது.

நேரே போய்ச் சூசன்னாவின் மடியிலிருந்து ரொட்டியை எடுத்தான். பிய்த்துப்போட்ட தோலையும் எடுத்தான். மேடைக்குப் போய் யோரிஸின் மூடிய கையைப் பிடித்து, விரல்களை விரித்து, ரொட்டியை அதில் வைத்தான்.

யோரிஸ் விரலை மடக்கவில்லை. ரொட்டி கையில் அப்படியே இருந்தது.

"இது எதுக்கு ஐயா?"

"சாப்பிடுங்க."

கிழவர் ரொட்டியைப் பார்த்தார். பலகையில் இருந்த படத்தைப் பார்த்தார்.

"இதை நான் தின்னுட்டா, நீங்க எதை வச்சு அழிப்பீங்க?"

"அழிக்க மாட்டேன்."

"கை தப்பா வந்துட்டா?"

"வரட்டும்."

"படம் கெட்டுப்போயிடுமே ஐயா. எத்தனை நாளா பாடுபடறீங்க."

லாம்பெர்ட் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடிக்குள் போயிற்று. துடைத்துக்கொள்ளவில்லை.

"சாப்பிடுங்க பெரியவரே" என்றான்.

யோரிஸ் சூசன்னாவின் பக்கம் திரும்பினார். அவள் தலையசைத்தாள்.

கிழவர் மேடையின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். உதடு அசைந்தது, ஏதோ ஜெபம் சொன்னார். பிறகு ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். உடனே விழுங்கிவிடவில்லை. வெகுநேரம் மென்றார். மடியில் விழுந்த துணுக்கை விரல் நுனியால் ஒற்றி எடுத்தார். தாடை அசையும்போதெல்லாம் இறங்கிப்போன அந்த வலது தோளும் கூடவே லேசாக ஏறி இறங்கியது.

லாம்பெர்ட் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் முதுகுக்குப் பின்னால் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. அலமாரிக் கதவு முனகியது.

சூசன்னா ஒரு புதுத் தாளைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள். சீவிய இறகுப் பேனாவை வைத்தாள். மைப்புட்டியை வைத்து அதன் மூடியைத் திறந்தாள். மாசிக்காயின் துவர்ப்பு வாடை எழுந்தது.

"வரையுங்க" என்றாள்.

அவன் திரும்பவில்லை.

"லாம்பெர்ட். மை."

"கொஞ்சம் இருங்க அம்மா" என்றான் லாம்பெர்ட். "அவர் சாப்பிட்டு முடிக்கட்டும்."